கசப்பு மருந்தும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரும்

நுவரெலியா, ஹட்டன் மலைகளை மூடியிருக்கும் தேயிலையின் தாயகம் சீனா. அந்நாட்டில் வயிற்றோட்டத்துக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வரும் மூலிகை ‘ஹுவாங்லியன்’. மஞ்சள் நிறமும் கடுங்கசப்பும் கொண்ட இக்கிழங்கு, ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பழைமையான ‘ஷென்னோங் பென்சாவ் ஜிங்’ என்ற சீன மருந்து நூலிலேயே இடம்பெற்றுள்ளது.

அந்தக் கசப்பு நமக்கும் புதியதல்ல. காய்ச்சலுக்கும் காயத்துக்கும் கொத்தமல்லியோடு நம் வீடுகளில் அவிக்கும் வெனிவெல், அதாவது மரமஞ்சள், வேறு குடும்பத்துச் செடி. ஆனாலும் இரண்டிலும் ‘பெர்பரின்’ என்ற ஒரே மஞ்சள் பொருள் இருக்கிறது. அது சில கிருமிகளை அடக்குகிறது. குடல் அளவுக்கு மீறி நீர் சுரப்பதையும் குறைக்கிறது. பங்களாதேஷில் நடந்து 1987இல் வெளியான ஆய்வொன்றில், ஈ.கோலை கிருமியால் வயிற்றோட்டம் கண்ட பெரியவர்களுக்கு பெர்பரின் நன்கு உதவியது. கொலராவுக்கோ அதன் பயன் மிகக் குறைவு.

பெரியவர்களுக்கு உதவியது என்பதால் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. பச்சிளங்குழந்தைகளுக்கு மஞ்சட்காமாலையைக் கடுமையாக்கும் என்ற அச்சத்தால் சிங்கப்பூர் 1978இல் பெர்பரினுக்குத் தடை விதித்தது. ஹுவாங்லியன் மீதான தடை 2016இல்தான் நீங்கியது. ஆகவே கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் இக்கசாயம் வேண்டாம்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வயிற்றோட்டத்தில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது, உடல் நீரையும் உப்பையும் இழப்பதுதான். அந்த இழப்பை எந்த மூலிகையும் ஈடுசெய்யாது. 1971இல் மேற்கு வங்காளத்தின் பொங்காவ் அகதி முகாமில் கொலரா பரவி, சேலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. குளுக்கோஸ், உப்பைக் குடற்சுவரின் வழியே உள்ளிழுக்க உதவுகிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் உடலில் சேர்கிறது.

நம் கடைகளில் கிடைக்கும் ‘ஜீவனி’ பக்கற்றும் இதுவே. அது இல்லாதபோது, கொதித்தாறிய 1 லீற்றர் நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறிது சிறிதாகப் பருக்கலாம். பிளேன்டீயில் உப்பில்லை, அது மட்டும் போதாது. தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது. கண் குழிவிழுதல், சிறுநீர் குறைதல், சோர்ந்து மயங்குதல், மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

நோய்க்கு மருந்து தேடுவது நம் மார்க்கம் காட்டும் வழி. வைத்தியசாலை தூரமாயிருக்கும் தோட்டங்களில், எதை முதலில் கொடுப்பது என்று அறிந்திருப்பதே பிள்ளையின் உயிரைக் காக்கும். கசாயம் பிறகு, முதலில் உப்புச் சர்க்கரைத் தண்ணீர்.