லீடர் எத்தனை அடி?

ஞாயிற்றுக்கிழமையானால் பாந்த்ராவின் கரும்பாறைகளுக்கும் மட் தீவுக்கும் தூண்டிலோடு கிளம்பிவிடும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. சிலர் நாலைந்து பேராகச் சேர்ந்து, பணம் போட்டுப் படகு பிடித்துக் கடலுக்குள்ளும் போய் வருகிறார்கள். கரையில் கட்டிய லீடரை அப்படியே படகுக்கும் கொண்டுபோவது பலருக்குப் பழக்கம். இரண்டு இடத்திலும் லீடர் செய்யும் வேலை வேறு. ஆகவே நீளமும் வேறு.

ரீலிலிருந்து வரும் மெல்லிய நரம்புக்கும் தூண்டில் முள்ளுக்கும் நடுவே கட்டும் தடித்த நரம்புதான் லீடர். இன்று பெரும்பாலோர் ரீலில் சுற்றுவது பிரெய்டு நரம்பு. அது மெல்லியது, பலமானது. ஆனால் இழுத்தால் நீளாது, பாறையில் ஒட்டிய சிப்பியில் ஒருமுறை உரசினாலே அறுந்துவிடும்.

முதலில் கரை. 4 அவுன்ஸ், அதாவது சுமார் 110 கிராம் ஈயத்தை 12 அடிக் கம்பால் வீசும்போது, அந்த விசை முழுவதையும் தாங்குவது லீடர்தான். ஓர் அவுன்ஸ் ஈயத்துக்கு 10 பவுண்டு பலம் என்பது அனுபவஸ்தர்கள் கணக்கு. 4 அவுன்ஸுக்கு 40 பவுண்டு நரம்பு வேண்டும். நீளத்துக்கும் கணக்கு உண்டு. வீசத் தயாராக நிற்கும்போது லீடர் ரீலில் ஐந்தாறு சுற்றாவது சுற்றியிருக்க வேண்டும். அங்கிருந்து கம்பின் நுனிவரை ஓடி, நுனிக்குக் கீழே நாலைந்து அடி தொங்க வேண்டும். கூட்டினால் ஏறக்குறைய 20 அடி வரும். முனை தேயும்போதெல்லாம் வெட்டிக் கட்ட வேண்டியிருப்பதால், கம்பைப் போல் இரண்டு மடங்கு, 24 அடி வைத்துக்கொள்வது நல்லது.

இதில் கஞ்சத்தனம் கூடாது. லீடர் குட்டையாக இருந்தால் வீசும் வேகத்தை மெல்லிய நரம்பு தாங்க நேரிடும். அது அறுந்தால் ஈயம் துப்பாக்கிக் குண்டாகப் பாயும். ஞாயிறு மாலை நம் கடற்கரையில் எத்தனை குழந்தைகள் ஓடியாடுகின்றன என்று சொல்ல வேண்டியதில்லை. மீன் போனால் போகட்டும், ஒரு கண் போனால் என்ன செய்வது?

செயற்கை இரையை வீசுவோருக்கு இவ்வளவு தேவையில்லை. 20, 30 கிராம் இரைக்கு மூன்றடி லீடர் போதும். முடிச்சு கம்பின் நுனி வளையத்துக்கு வெளியிலேயே நிற்கும், வீசும்போது தடங்காது. சிப்பிப் பாறைகளுக்கு நடுவே கொடுவாய்க்கு, அதாவது மராட்டியர் சொல்லும் ஜிதாடாவுக்கு, வீசுபவர்கள் ஐந்தாறு அடி வைக்கலாம். அப்போது முடிச்சு வளையங்களுக்குள் போகுமாதலால் மெலிதாகக் கட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

படகில் வீச்சு கிடையாது. ஈயத்தை நேராக இறக்குகிறோம், அவ்வளவுதான். ரீலில் சுற்று இருக்க வேண்டும் என்ற கணக்கே இங்கே பொருந்தாது. அடியில் கிடக்கும் பாறையும், மீனின் பல்லும், கடைசியில் மீனைப் படகருகே கொண்டுவருவதும்தான் இங்கே பிரச்சினை. ஆறடிக் கம்புக்கு ஆறு முதல் எட்டடி லீடர் சௌகரியம். பாறை மிகுந்த இடத்தில் 12 அடி வரை போகலாம். 24 அடி லீடரைத் தடித்த முடிச்சோடு கொண்டுபோனால், முடிச்சு நுனி வளையத்தில் சிக்கிக்கொள்ளும். மீன் படகுக்கு எட்டாமல் தண்ணீரில் நின்று போராடும். அதற்குள் முள் கழன்றுவிடும்.

வஞ்சிரம், சீலா போன்ற பல் மீன்களுக்கு லீடரை நீட்டிப் பயனில்லை. முள்ளை ஒட்டி ஓரடிக்கு எஃகுக் கம்பி சேர்த்தால் போதும். மீன் கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லி விற்கப்படும் விலை உயர்ந்த நரம்பு மும்பைக் கலங்கல் நீருக்கு அவசியம்தானா என்பது என் சந்தேகம். உரசலைத் தாங்கும் என்பதற்காக வேண்டுமானால் வாங்கலாம்.

மீனைப் படகில் ஏற்றும்போது லீடரைக் கையில் பிடிக்கலாம். கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. பெரிய மீன் திடீரென்று கீழே பாய்ந்தால் விரலை அறுத்துவிடும்.

ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரை இரு விரலுக்கிடையே இழுத்துப் பாருங்கள். சொரசொரப்பு தட்டிய இடம்வரை வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். கரைத் தூண்டிலில் இப்படி வெட்டி வெட்டி ரீலில் நாலு சுற்றுக்குக் குறைந்ததென்றால், புது லீடர் கட்டும்வரை அந்தக் கம்பை வீச வேண்டாம்.