சோற்றைக் குறைப்பார்க்கு மாற்றுணவு

நீரிழிவு பட்டணவாசிகளுக்கே உரிய நோய் என்னும் எண்ணம் நம் கிராமங்களினின்று இன்னும் அகலவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியோ, கிராமங்களில் வயது வந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பேர் இந்நோயுடையோர் எனக் கண்டுள்ளது.

வைத்தியர் சோற்றைக் குறைக்கச் சொன்னவுடன் பலர் கேழ்வரகுக் களிக்கு மாறிவிடுகின்றனர். கேழ்வரகு நல்ல தானியமே. நாரும் சுண்ணாம்புச் சத்தும் அதில் மிகுதி. ஆயினும் 100 கிராம் அரிசியில் மாச்சத்து ஏறத்தாழ 78 கிராம் எனின், கேழ்வரகில் 67, கம்பில் 62 கிராம் உள்ளது. இரண்டு உருண்டைக் களியை உண்டுவிட்டுச் சோற்றை விட்டொழித்ததாகக் கருதுதல் வீண். மரவள்ளியும் உருளைக்கிழங்கும் சோற்றின் சுற்றத்தாரேயாவர்.

இலையில் சோறு இருந்த இடத்தைக் காய்க்குக் கொடுத்தலே உண்மையான மாற்று. காலிபிளவரை அரிசியளவாகத் துருவி, ஆவியில் சில நிமிஷம் வேகவைத்துச் சாம்பாருடன் பிசைந்துண்ணலாம். அதன் மாச்சத்து 100 கிராமுக்கு 5 கிராம் அளவே. முட்டைக்கோஸும் அவ்வாறே. இவை விளையாத ஊரில் சுரை, பீர்க்கு, கொத்தவரை, கீரை போதும். நிலமுடையோர் இவற்றைக் கிணற்றடியிலேயே பயிரிட்டுக்கொள்ளலாம். தோசைக்குப் பதில் பச்சைப்பயற்று அடை ஏற்றது. பயற்றிலும் மாச்சத்து உண்டாதலால் ஒன்றிரண்டோடு நிறுத்துக. முட்டை, மீன், தயிர், வேர்க்கடலை பசியைத் தாங்கும்.

முதல் வாரத்தில் சிலருக்குச் சோர்வும் தலைநோவும் தோன்றும். ஆதலின் சிறுகச் சிறுகக் குறைத்தல் நலம்.

இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ கொள்வோர் வைத்தியரைக் கேளாது சோற்றைக் குறைத்தலாகாது. மருந்தளவு பழையபடியே இருப்பின் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து, வயலிலேயே மயங்கி விழவும் நேரிடும். நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் கண்டால், நினைவு தவறுமுன் சர்க்கரை கரைத்த நீரைப் பருகக் கொடுக்க.