உங்களுக்குத் தெரியுமா? தோளுக்கும் வேலை வேணும்!

● மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். தினம் அரை மணி, வாரம் 5 நாள் வேகமாக நடந்தால் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடக் கணக்கு முடிந்தது. ஆனால் வாரம் 2 நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று அதே நிறுவனம் சொல்கிறது. நம்மில் பலர் கோட்டை விடுவது இதைத்தான். நடக்கும்போது கை ஒருமுறைகூடத் தோளுக்கு மேலே எழுவதில்லையே!

● டவுன் பஸ்ஸில் மேல்கம்பி எட்டவில்லை. டிக்கெட்டுக்குக் காசு எடுக்கப் பின்பாக்கெட்டில் கை போகவில்லை. தலை பின்ன முடியவில்லை. ராத்திரி வலிக்கிற தோள் பக்கம் ஒருக்களித்தால் உயிர் போகிறது. 40 முதல் 60 வயதுக்குள் இப்படி வந்தால் அது ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ ஆக இருக்கலாம். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்குவதால் வருவது. பெண்களுக்கு அதிகம். பெரும்பாலும் மெல்ல இளகிவிடும். ஆனால் ஒன்று முதல் மூன்று வருடம் வரை இழுத்தடிக்கும்.

● சர்க்கரை உள்ளவர்களுக்கு இது பல மடங்கு அதிகம். அடிபடாமலேயே தோள் இறுகினால் சர்க்கரையையும் பரிசோதித்துவிடுங்கள்.

● இடது தோள் வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் சேர்ந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே ஆஸ்பத்திரி!

● ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்று 1934-இல் பெயர் வைத்தவர் பாஸ்டன் அறுவை மருத்துவர் எர்னெஸ்ட் காட்மன். அவர் பெயரால் வழங்கும் பயிற்சிக்குக் காசே வேண்டாம். நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனியுங்கள். வலிக்கிற கையைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். உடம்பை லேசாக அசைத்தால் கை தானே முன்னும் பின்னும் ஆடும். பிறகு சின்ன வட்டம். தோள் தசையை இறுக்கக் கூடாது. முதலில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் சுலபமாக வரும். அடுத்து, சுவரில் விரல்களால் படிப்படியாக மேலே ஏறுங்கள்; வலி கூடுகிற இடத்தில் நிறுத்துங்கள். வலி கடுமையாக இருக்கிறபோது யாரிடமும் கையைக் கொடுத்து வெடுக்கென்று இழுக்கவிட வேண்டாம். அது இன்னும் கெடுக்கும்.

● நம் ஊர் கர்லாக்கட்டை தோளை எல்லாத் திசையிலும் சுழலவைக்கும் அருமையான கருவி. 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ராணுவத்தார் இந்தியாவில் இந்த வகைக் கட்டை சுற்றுவதைப் பார்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1904, 1932 ஒலிம்பிக்கில் கட்டை சுற்றுவது பதக்கப் போட்டியாகவே இருந்தது! நடுவயதில் தொடங்குகிறவர்கள் எடை குறைந்த கட்டையை எடுத்து, ஆசான் பார்க்கச் சுற்றிப் பழகலாம். வலி இருக்கும்போது மட்டும் தொட வேண்டாம்.