சுழியம் சொல்லும் செய்தி

நகரத்தாரின் ஒன்பது நகரக் கோவில்களுள் ஒன்று அமைந்த ஊர் இளையாத்தங்குடி. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், பேரேடு எழுதி ஐந்தொகை கட்டுவதில் தேர்ந்தவர்கள். பற்றும் வரவும் நேர்நின்று, வேறுபாடு சுழியமானால் கணக்குச் சரி. சுழியமன்றி எந்த எண் நின்றாலும் பிழை. அந்த எண்ணே பிழையின் தடத்தையும் காட்டும். அது ஒன்பதால் வகுபட்டால், இலக்கங்கள் இடம்மாறி எழுதப்பட்டிருக்கலாம் எனக் கணக்கர் ஐயுறுவர்.

கணிப்பொறியிலும் இத்தகைய வழக்கம் உண்டு. சி பிளஸ் பிளஸ் பயிலும் மாணவர்கள் மெயின் செயற்கூற்றின் இறுதியில் 'ரிட்டர்ன் 0' என்று எழுதுகின்றனர். அச்சுழியம் யாரிடம் சென்று சேர்கிறது? லினக்ஸ் முனையத்தில் அந்நிரலை இயக்கினால், அது ஷெல்லிடம் சேர்கிறது. நாம் தட்டச்சிடும் கட்டளையைப் பெற்று, உரிய நிரலை இயக்கி, அது முடியும்வரை காத்திருப்பது ஷெல்லின் பணி. 1979ஆம் ஆண்டு யூனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் வெளிவந்த ஸ்டீபன் பார்னின் ஷெல்லும், 1989இல் பிரையன் ஃபாக்ஸ் வெளியிட்ட பாஷ் ஷெல்லும் இவ்வகையின.

நிரல் திரையில் எழுதும் சொற்களை ஷெல் படிப்பதில்லை. 'பிழை' என்று பத்து வரிகள் தோன்றினாலும் அது பொருட்படுத்தாது. நிரல் முடியும்போது விட்டுச்செல்லும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணையே அது நோக்கும். அதனை முடிவுநிலை எண் எனலாம். சுழியம் வெற்றி, ஏனையவை தோல்வி. வெற்றி ஒருவகையே; தோல்விக்கோ காரணங்கள் பல. ஆதலால் இப்பங்கீடு பொருத்தமானதே. அப்பெயரில் கட்டளையே இல்லையெனில் 127. கோப்பு இருந்தும் இயக்க இயலாததெனில் 126. கண்ட்ரோல், சி விசைகளை அழுத்தி நாமே நிறுத்தினால் பெரும்பாலும் 130.

எனினும் சுழியமல்லாத எண்கள் யாவும் கேட்டைக் குறிப்பனவல்ல. கோப்பில் ஒரு சொல்லைத் தேடும் கிரெப் கட்டளை, சொல் கிடைத்தால் 0, கிடைக்காவிடில் 1, கோப்பையே திறக்க இயலாவிடில் 2 எனத் தெரிவிக்கும். 'இல்லை' என்பதும் ஒரு விடைதானே!

இவ்வெண்ணைப் புறக்கணித்தால் நேரும் இழப்பு சிறிதன்று. ஆண்டுக் கணக்குக் கோப்பைப் பென்டிரைவுக்குப் படியெடுத்து, பின்னர் மூலத்தை அழிக்குமாறு இரு கட்டளைகளை ஒருவர் ஒரே வரியில் எழுதுகிறார் எனக் கொள்வோம். பென்டிரைவில் இடமில்லை, படியெடுத்தல் பாதியில் நின்று 1 என்னும் எண் திரும்புகிறது. இரு கட்டளைகளுக்கும் இடையே அரைப்புள்ளி இட்டிருந்தால், ஷெல் அவ்வெண்ணைக் கருதாமல் மூலத்தை அழித்துவிடும். '&&' என்னும் குறியை இட்டிருந்தால், முதற்கட்டளை சுழியம் தந்தாலன்றி அடுத்ததைத் தொடாது. இரண்டு எழுத்துக் குறிகளில் ஓராண்டுக் கணக்கு தப்புகிறது.

ஷெல்லின் தீர்ப்பு நிரலின் நேர்மையைப் பொறுத்தது. தோல்வியுற்ற பின்னும் 'ரிட்டர்ன் 0' எழுதும் நிரலை அது அப்படியே நம்பும். 256 எனத் திருப்பினாலும் அந்த எண் 255இல் அடங்காமல் சுழன்று சுழியமாகி, வெற்றியெனவே கொள்ளப்படும். கட்டளைகளைக் குழாய்க்குறியால் இணைக்கும்போது இன்னொரு மயக்கம் எழும்: கடைசிக் கட்டளையின் எண்ணே முழுத்தொடரின் எண்ணாகும். முன்னே ஒன்று இடறியிருந்தாலும் வெளியே தெரியாது. பாஷில் 'பைப்ஃபெயில்' என்னும் அமைப்பை இயக்கினால் இக்குறை நீங்கும்.

முடிவுநிலை எண்ணைக் காண 'எக்கோ' என எழுதி, இடம்விட்டு '$?' என இடவேண்டும். உடனே கேட்பது இன்றியமையாதது. மறுமுறை அதையே கேட்டால் கிடைப்பது முந்தைய எக்கோ கட்டளையின் எண். அது சுழியமாகவே இருக்கும்.