தொட்டில் பிள்ளைக்கு எந்தச் சாமி?

பேராவில் ஒரு செம்பனைத் தோட்டம். பால்மரம் போய்ச் செம்பனை வந்து பல காலம் ஆகிவிட்டது. ஆனாலும் பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. அங்கே போயிருந்தபோது ஒரு வீட்டு வழக்கு நம் காதுக்கு வந்தது. நம் வாசகர்கள் பலருக்கும் பழக்கமான வழக்குத்தான். ஆகவே பெயரும் ஊரும் சொல்லாமல் இங்கே எழுதுகிறோம்.

தகப்பன் வேதக்கார வீட்டுப் பிள்ளை. தாய் இந்து வீட்டுப் பெண். விரும்பிக் கல்யாணம் கட்டிக்கொண்டவர்கள். இப்போது ஐந்து மாதத்தில் ஓர் ஆண் குழந்தை.

"நாப்பது நாளைக்குள்ள ஞானஸ்நானம் குடுத்திருக்கணும். அஞ்சு மாசமாச்சு. எனக்கு ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது" என்கிறார் அப்பாயி. "முடியிறக்கி, தாய்மாமன் மடியில உக்கார வச்சுக் காது குத்துறேன்னு முருகனுக்கு நேந்திருக்கேன். அத விட்டுட்டு எப்படி?" என்கிறார் அம்மாயி.

இந்த இரண்டு பாட்டிமாரும் முப்பது வருஷம் ஒரே பிரட்டில் நின்றவர்கள். அடுத்தடுத்த நிரையில் பால் வெட்டியவர்கள். ஒரு வீட்டுக் குழம்பு மறு வீட்டுக்குப் போகாத நாளே கிடையாது. சம்பந்தியானபோது தோட்டமே சந்தோஷப்பட்டதாம். இன்று எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள்.

நடுவில் அகப்பட்ட தகப்பன் நம்மிடம் சொன்னார்: "ரெண்டும் வேண்டாங்க. அவன் பெரியவனாகட்டும். எந்தச் சாமி வேணும்னு அவனே பாத்துத் தேர்ந்தெடுத்துக்கட்டும்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வழியா, இல்லை வழக்கைத் தள்ளிப்போடுவதா? இதை நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பாட்டியின் பயம்

அப்பாயியிடம் தனியாகப் பேசினோம். முதலில் சண்டைக்காரி போலப் பேசியவர், பிறகு அழுதுவிட்டார். "எனக்குப் பின்னால பொறந்தது ஒண்ணு, தண்ணி ஊத்துறதுக்குள்ள காய்ச்சல்ல போயிருச்சு. அது மோட்சத்துக்குப் போகலேன்னு உபதேசியார் சொன்னாரு. எங்கம்மா சாகிற வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லி அழுதாங்க. மருமக வேலைக்குப் போன நேரத்துல நானே குழாயடியில தண்ணி ஊத்திரலாமான்னுகூட ஒருநாள் நெனச்சேன்."

இது வெறும் பிடிவாதம் அல்ல. பழைய தோட்டங்களில் குழந்தைச் சாவு சாதாரணமாக இருந்தது. ஆஸ்பத்திரி தூரம், டிரெசர் ஒருவர், மழைக்காலம் வந்தால் காய்ச்சல். அந்தக் காலத்து ஞானோபதேசத்தில், திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தை மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது, வேறோர் இடத்தில் இருக்கும் என்று சொல்லி வந்தார்கள். அதைக் கேட்டு வளர்ந்தவர் இவர்.

ஆனால் இன்று கத்தோலிக்கத் திருச்சபை அப்படிக் கற்பிப்பதில்லை. 1992-ல் வெளிவந்த மறைக்கல்வி நூல், அப்படிப்பட்ட குழந்தைகளை இறைவனின் இரக்கத்திடம் ஒப்படைக்கச் சொல்கிறது. 2007-ல் ரோமாபுரியில் திருச்சபையின் இறையியல் குழு வெளியிட்ட ஏடும், அவர்கள் மீட்புப் பெறுவார்கள் என்று நம்புவதற்கு இடமிருக்கிறது என்றே சொல்கிறது. இதைச் சொன்னபோது அப்பாயி வெகுநேரம் பேசவில்லை. "எங்கம்மா இதக் கேக்காமப் போயிட்டாங்களே" என்று மட்டும் சொன்னார்.

குழாயடியில் தண்ணீர் ஊற்றும் யோசனைக்கும் அங்கேயே பதில் சொன்னோம். சாகும் ஆபத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். இந்தப் பிள்ளையோ கொழுகொழுவென்று விளையாடிக்கொண்டிருக்கிறது. நல்ல நிலையில் உள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க, பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும். பிள்ளை அந்த விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கையும் இருக்க வேண்டும். அந்த நம்பிக்கை இல்லையென்றால் தள்ளிவைக்க வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமே சொல்கிறது. ஆக, அப்பாயியின் சாமிகூட ஒளித்துச் செய்யச் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று சொன்ன வாக்கு

இன்னொன்றும் தெரியவந்தது. கத்தோலிக்கர் வேறு சமயத்தாரைக் கோவிலில் கட்டுவதற்குத் திருச்சபையின் விதிவிலக்கு வாங்க வேண்டும். அப்போது கத்தோலிக்கராக இருப்பவர், பிறக்கும் பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்து வளர்க்கத் தம்மால் ஆனதைச் செய்வதாக வாக்குக் கொடுக்கிறார். முன்பெல்லாம் இருவருமே வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. 1970-ல் போப்பாண்டவர் ஆறாம் பவுல் அதை மாற்றினார். இப்போது கத்தோலிக்கர் மட்டும் வாக்குக் கொடுத்தால் போதும். ஆனால் அந்த வாக்கு இன்னதென்று மற்றவருக்குத் தெரிவித்திருக்க வேண்டும்.

நம் தம்பியும் அந்த வாக்கைக் கொடுத்துவிட்டுத்தான் தாலி கட்டியிருக்கிறார். அந்தப் பெண்ணிடம் கேட்டோம். "பாதர் ஏதோ சொன்னாருங்க. கல்யாண அவசரத்துல நான் காதுல வாங்கல. இவரும் அப்புறம் அதப் பத்திப் பேசவே இல்ல" என்றார்.

பாட்டிமார் சண்டைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் மூன்று மாதம் பேசினார்கள். பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றி மூன்று நிமிஷம் பேசவில்லை. கலப்புமணம் செய்யப்போகும் இளைஞர்களே, இதைக் கவனியுங்கள். தாலி ஏறுவதற்கு முன்பே பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது.

அவனே தேர்ந்தெடுக்கட்டுமா?

இப்போது தகப்பன் சொன்ன வழிக்கு வருவோம். அது புதிய வழியும் அல்ல, கிறிஸ்தவர்களுக்கு ஒவ்வாத வழியும் அல்ல. பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. பிள்ளையைச் சபையின் முன் கொண்டுவந்து ஜெபித்து அர்ப்பணிப்பதோடு சரி. வளர்ந்து, தானே விசுவாசித்த பிறகுதான் தண்ணீரில் இறங்க வேண்டும். கத்தோலிக்கர், லுத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகள் குழந்தைக்கே கொடுக்கின்றன.

அப்பாயி தினமும் பெயர் சொல்லி வேண்டும் புனித மோனிக்கம்மாளின் கதையைப் பாருங்கள். அவர் கிறிஸ்தவர். புருஷன் வேறு தெய்வங்களைக் கும்பிட்டவர். அதுவும் கலப்புக் குடும்பம்தான். மகன் அகுஸ்தீனார் பிறந்தது 354-ல். சிறு வயதில் கடும் நோய் வந்து ஞானஸ்நானம் கேட்டபோதும், உடம்பு தேறியதும் தாய் அதைத் தள்ளிவைத்துவிட்டார். மிலான் நகரில் அவர் அதைப் பெற்றது 387-ல், தமது 32-ஆம் வயதில். அவரைவிடப் பெரிய வேதசாஸ்திரி மேலைத் திருச்சபையில் உண்டா?

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மோனிக்கம்மாள் தண்ணீரைத்தான் தள்ளிவைத்தார், சாமியைத் தள்ளிவைக்கவில்லை. மகனுக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்தார். அவன் வழிதவறியபோது அழுதார், பின்னாலேயே போனார். "பெரியவனானதும் பார்த்துக்கட்டும்" என்று கையைக் கழுவிவிட்டு உட்காரவில்லை.

நம் வீடுகளிலோ இது வேறு மாதிரி நடக்கிறது. இரண்டு பக்கமும் கோபிக்காமல் இருப்பதற்காக வீட்டில் விளக்கும் இல்லை, ஜெபமும் இல்லை. பிள்ளைக்குச் சாமி கும்பிடவே தெரியாது. பள்ளியில் முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வி உண்டு. மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறிப் பாடம்தான். ஆகவே நம் பிள்ளைக்குச் சமயம் வீட்டில் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒன்றுமே காட்டாமல் வளர்த்துவிட்டு, 18 வயதில் "தேர்ந்தெடு" என்றால் எதைக் கொண்டு தேர்ந்தெடுப்பான்? யார் முதலில் கையைப் பிடித்து இழுக்கிறார்களோ அவர்கள் பின்னால் போவான்.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது அதன் சுதந்திரத்தைப் பறிப்பதாகும் என்ற வாதத்துக்கு 1980 அக்டோபரில் ரோமாபுரி ஓர் ஏட்டில் பதில் சொன்னது. எந்தப் பாதிப்பும் இல்லாத வெறுமையில் எந்தப் பிள்ளையும் வளர்வதில்லை, பிள்ளையின் நன்மைக்குத் தேவையானதைப் பெற்றோர் அதன் சார்பில் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும் என்பது அதன் சாரம். இந்து வீட்டாரும் இதை ஒப்புக்கொள்வார்கள். மொட்டை போடுகிறோம், காது குத்துகிறோம். பிள்ளையைக் கேட்டா செய்கிறோம்? அது வீல் வீலென்று கத்தத்தானே செய்கிறது!

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 12-ஆம் விதி, 4-ஆம் பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்டவரின் சமயத்தைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் தீர்மானிக்க வேண்டும். 1985-ல் கிளந்தானில், 17 வயதைத் தாண்டிய ஒரு சீனப் பெண் பெற்றோர் சம்மதமில்லாமல் இஸ்லாத்தைத் தழுவினார். தகப்பனார் வழக்குப் போட்டார். அந்த வயதில் தீர்மானிக்கும் உரிமை பெற்றோருக்குத்தான் என்று 1990-ல் அன்றைய உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதற்குள் அவர் 18-ஐத் தாண்டிவிட்டிருந்தார். தீர்ப்பால் தகப்பனாருக்குப் பயனில்லை.

பெற்றோர் என்றால் ஒருவரா, இருவரா? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் ஈப்போ பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தி ஒன்பது ஆண்டு நீதிமன்றப் படி ஏறினார். 2009-ல் அவருடைய கணவர், தாய்க்குத் தெரியாமல் மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றிப் பதிவு செய்தார். 2018 ஜனவரி 29-ல் கூட்டரசு நீதிமன்றம் அந்தப் பதிவுகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. தாய், தகப்பன் இருவர் சம்மதமும் வேண்டும் என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

அது வேறு வகை வழக்கு, அதன் விளைவுகளும் வேறு. கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடு அரசாங்கப் பதிவேடு அல்ல. என்றாலும் அந்தத் தீர்ப்பின் நியாயம் எல்லா வீட்டுக்கும் பொது. பெற்ற இருவரில் ஒருவருக்குத் தெரியாமல் பிள்ளையின் சமயத்தைத் தீர்மானிக்கக் கூடாது. பெற்றவர்களுக்கே அந்த உரிமை இல்லை என்றால் பாட்டிமாருக்கு ஏது?

நம் கருத்து

நாம் சொல்வது இதுதான். பெற்றவர்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பேச வேண்டும். எந்த வழியில் வளர்ப்பது என்று அவர்கள் இருவருமே முடிவு செய்ய வேண்டும். முடிவு ஞானஸ்நானமாக இருக்கலாம், முடியிறக்கமாக இருக்கலாம், தண்ணீரைத் தள்ளிவைத்து ஜெபத்தைத் தள்ளிவைக்காத மோனிக்கம்மாள் வழியாகவும் இருக்கலாம். எதுவானாலும் ஒன்றுமே கொடுக்காமல் விடாதீர்கள். முடிவு செய்த பிறகு இரண்டு பாட்டிமாரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லுங்கள். ஒருவரிடம் முன்னாலும் ஒருவரிடம் பின்னாலும் சொல்லாதீர்கள்.

மறு வீட்டுச் சாமியைப் பிள்ளையின் காதுபட ஏசாதீர்கள். அந்தச் சாமியும் அவன் பாட்டியின் சாமிதான். புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற இந்துத் தாய்மார் எத்தனை பேர்! வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போடுகிற வேதக்காரர் எத்தனை பேர்! நம் சனங்களுக்கு இது புதிதல்ல.

கடைசியாக, பிள்ளை வளர்ந்து, 18 வயதைத் தாண்டி, "அப்பா, எனக்கு வேறு வழி தெரிகிறது" என்று சொன்னால், அடிக்காதீர்கள், வீட்டை விட்டுத் துரத்தாதீர்கள். "அவனே தேர்ந்தெடுக்கட்டும்" என்ற சொல்லுக்கு உண்மையான நேரம் அதுதான். தொட்டிலில் கிடக்கும்போது அந்தச் சொல்லைச் சொல்வது எளிது. அன்றைக்குச் சொல்வதற்குத்தான் மனசு வேண்டும்.

நாம் புறப்படும்போது அந்தத் தம்பதி இன்னும் முடிவெடுத்திருக்கவில்லை. "இன்னிக்கு ராத்திரி பேசுறோங்க" என்றார்கள். அப்பாயி வாசல்வரை வந்தார். "சம்பந்தியம்மாகிட்ட நான் தண்ணி ஊத்த நெனச்சத நானே போய்ச் சொல்லிடுறேன். வேற யார் வாயாலயும் தெரிய வேண்டாம்" என்றார்.

அதற்கும் பெரிய மனசு வேண்டும். முப்பது வருஷம் பக்கத்து நிரையில் நின்றவர் கேட்டுக்கொள்வார் என்றே நம்புகிறோம்.