வீட்டுக்கு விலை பேசும் முன்... ஒரு மதிப்பீடு!

ராயபுரத்தில் ஒரு சந்து வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா ஹார்பரில் வேலை பார்த்தபோது கட்டியது. அம்மா, அப்பா இருவரும் காலமாகிவிட, வீட்டை என்ன செய்வது என்று இரண்டு அண்ணன்களும் தங்கையும் கூடிப் பேசுகிறார்கள்.

''புரோக்கர் 50 லட்சத்துக்கு மேல போகாதுங்கிறார். நானே வெச்சுக்கிறேன், உங்க பங்கைக் கொடுத்துடறேன்'' என்கிறார் பெரியவர். ''எதிர்வீடு 70 லட்சத்துக்குப் போச்சாமே அண்ணா!'' என்கிறார் தங்கை.

அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சொந்தமாகச் சம்பாதித்த வீட்டில் மகளுக்கும் சமபங்கு உண்டு. 50 லட்சம் என்றால் தங்கையின் பங்கு சுமார் 16.67 லட்சம், 70 லட்சம் என்றால் 23.33 லட்சம். வித்தியாசம் ஆறரை லட்சத்துக்கும் மேல். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு, ''விலை அதிகமாமே'' என்று கேட்டுப் பயனில்லை. சண்டை வராமல் இருக்க ஒரே வழி, மூன்றாம் மனிதர் ஒருவரின் மதிப்பீடு.

ஒரு வீடு, மூன்று விலை!

முதலாவது, அரசின் வழிகாட்டி மதிப்பு. பதிவுத்துறையின் இணையதளத்தில் தெருப் பெயரைக் கொடுத்தால் செல்போனிலேயே இலவசமாகப் பார்க்கலாம். விற்பனைப் பத்திரத்துக்கு 7 சதவிகித முத்திரைத்தீர்வை, 2 சதவிகிதப் பதிவுக்கட்டணம் ஆகியவற்றைக் கணக்கிடத்தான் இந்த மதிப்பு. 2017 ஜூனில் தமிழகம் முழுவதும் இது 33 சதவிகிதம் குறைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் பழைய நிலைக்கே உயர்த்தப்பட்டது. ஓர் அரசாணையில் ஏறி இறங்கும் இந்தத் தொகையைச் சந்தை விலை என்று நினைத்துவிடக் கூடாது.

இரண்டாவது, சந்தை விலை. அக்கம்பக்கத்தில் சமீபத்தில் நடந்த விற்பனைகள்தான் இதற்கு ஆதாரம். 'கேட்ட விலை'யை விட்டுவிட்டு, 'போன விலை'யை விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது, வங்கியின் மதிப்பு. கடன் தருவதற்காக வங்கி தன் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளரை அனுப்பிப் பெறுவது. கடன் திரும்பி வராவிட்டால் வீட்டை விற்றுப் பணம் எடுக்க வேண்டுமே என்ற கவலை வங்கிக்கு உண்டு. அதனால் இது பெரும்பாலும் அடக்கியே இருக்கும்.

இந்த மூன்றையும் தெரிந்துகொள்ளாமல் அட்வான்ஸ் வாங்கினால் என்ன ஆகும்? 60 லட்சத்துக்கு விலை பேசியாயிற்று. 80 சதவிகிதம், அதாவது 48 லட்சம் கடன் கிடைக்கும் என்று வாங்குபவர் நம்புகிறார். வங்கியோ வீட்டை 50 லட்சத்துக்குத்தான் மதிப்பிடுகிறது. கடன் 40 லட்சமாகிவிடும். கையிலிருந்து 12 லட்சம் போட நினைத்தவர் 20 லட்சத்துக்கு எங்கே போவார்? பேசிய வியாபாரம் அங்கேயே நின்றுவிடும்.

மதிப்பீட்டாளர் எதைப் பார்ப்பார்?

தனி வீடு என்றால் நிலத்தின் மதிப்பையும் கட்டடத்தின் மதிப்பையும் தனித்தனியே போட்டுக் கூட்டுவார். நிலத்துக்குத் தேய்மானம் இல்லை. கட்டடத்துக்கு வயதுக்கேற்பக் கழிப்பார். மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் ராயபுரத்தில் இன்றும் உண்டு. அவற்றில் ஏறக்குறைய முழு விலையும் நிலத்துக்குத்தான். மார்பிள் பதித்தோம், பெயின்ட் அடித்தோம் என்பது விலையைப் பெரிதாக உயர்த்தாது. ஃபிளாட் என்றால், பிரிக்கப்படாத நிலப் பங்கு எவ்வளவு என்பதே முக்கியக் கேள்வி.

அடுத்தது தெருவின் அகலம். கார் நுழையாத சந்துக்கும் லாரி வந்து போகும் தெருவுக்கும் ஒரே விலை கிடைக்காது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் மெட்ரோ ஓடத் தொடங்கியது. ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருப்பது திருவொற்றியூர், தண்டையார்பேட்டை வீடுகளுக்கு ஒரு பலம். கன்டெய்னர் லாரி நெரிசல், மழைநீர்த் தேக்கம், ஆலைகளின் அருகாமை ஆகியவை பலவீனங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரப் பகுதியில் எண்ணெய் பரவியதை வாங்க வருபவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

காகிதமும் விலை பேசும்!

வட சென்னையில் சுவரைவிடப் பத்திரத்துக்குத்தான் மதிப்பு அதிகம். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கலாம். பத்திரத்தில் உள்ள அளவு தரையில் இல்லாமல் போகலாம். ஒரு மாடிக்கு அனுமதி வாங்கி மூன்று மாடி கட்டியிருக்கலாம். அனுமதியில்லாத மாடியை வங்கி கணக்கில் சேர்க்காமலே விடலாம்.

திருவொற்றியூர் போன்ற பழைய கோயில் ஊர்களில் இன்னொரு கேள்வியும் உண்டு: மனை சொந்தமா, கோயில் நிலமா? கோயில் மனையில் வாடகை கட்டி வீடு கட்டியவர்களுக்குச் சுவர் மட்டுமே சொந்தம். நிலத்தை விற்க முடியாது. வாரிய ஒதுக்கீட்டு வீடு என்றால் விற்பனைப் பத்திரம் கைக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும்.

அதனால் மதிப்பீட்டாளரை அழைக்கும் முன் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, கட்டட அனுமதி வரைபடம், சொத்துவரி ரசீது ஆகியவற்றை எடுத்து வையுங்கள். எது குறைகிறதோ, அதைச் சரிசெய்தாலே விலை ஏறும்.

வரியிலும் லாபம் உண்டு

2001 ஏப்ரல் 1-க்கு முன் பெற்றோர் வாங்கிய வீடு என்றால், வருமான வரிக் கணக்கில் அந்தத் தேதியின் மதிப்பையே 'வாங்கிய விலை'யாகக் காட்டலாம். ஆனால், அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. இதற்குப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை கைகொடுக்கும்.

வழிகாட்டி மதிப்பைவிடக் குறைத்து விற்பவர்களும் கவனிக்க வேண்டும். அந்த மதிப்பு, விற்ற விலையைவிட 10 சதவிகிதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், வழிகாட்டி மதிப்பில் விற்றதாகவே வரி போடப்படும்.

கடனை மாற்றுபவர்களுக்கு...

குறைந்த வட்டிக்காக வேறு வங்கிக்குக் கடனை மாற்றினாலும், டாப்-அப் கடன் கேட்டாலும் வீடு மறுபடி மதிப்பிடப்படும். அந்தக் கட்டணம் யார் தலையில், கடன் கிடைக்காவிட்டால் திரும்ப வருமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கடன் முழுவதும் அடைந்தால், 30 நாள்களுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். அதன் தவறால் தாமதமானால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

ராயபுரம் வீட்டுக்கு வருவோம். மதிப்பீட்டாளர் சொல்லும் தொகை 50-ஆகவும் இருக்கலாம், 70-ஆகவும் இருக்கலாம், நடுவிலும் நிற்கலாம். எதுவானாலும் அது அண்ணன் சொன்ன விலையும் அல்ல, தங்கை சொன்ன விலையும் அல்ல. நாளைக்குப் பொங்கல் சீரோடு அண்ணன் தங்கை வீட்டு வாசலில் தயக்கமில்லாமல் நிற்க அது போதும்!