நீலத் திரைக்கு மறுவாழ்வு

"புரொகிராம் எழுதக் கற்றுக் கொள்ள வேண்டும். எந்த மொழியில் தொடங்கலாம்?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மொழியைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் நல்ல எடிட்டராகப் பாருங்கள் என்றுதான் நான் பதில் சொல்வது வழக்கம். புரொகிராம் எழுதுபவர் தன் நேரத்தில் பெரும்பகுதியை எடிட்டரில்தான் கழிக்கிறார். அவர் செய்யும் பிழையை உடனுக்குடன் சொல்லும் எடிட்டர் அமைந்துவிட்டால், பக்கத்தில் ஓர் ஆசிரியர் உட்கார்ந்திருப்பதற்குச் சமம்.

பேசிக் மொழிக்கு அப்படி ஓர் எடிட்டர் இருக்கிறது. அதன் பெயர் க்யூபி64. இதன் பின்னால் பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. பொழுதுபோக்காகப் புரொகிராம் எழுதுபவர்கள், தங்களுக்கு என்ன தேவையோ அதை ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சேர்த்து வளர்த்தது இது. எப்படி வளர்த்தார்கள், அதனால் உங்களுக்கு என்ன லாபம் என்று பார்ப்போம்.

எடிட்டர் என்பது என்ன?

புரொகிராமை நோட்பேடில்கூட எழுதலாம். ஆனால் நீங்கள் எழுதுவது கடிதமா, கணக்கா, புரொகிராமா என்று நோட்பேடுக்குத் தெரியாது. புரொகிராம் எடிட்டருக்கு அந்த மொழியின் இலக்கணம் தெரியும். எது கட்டளை, எது நீங்கள் வைத்த பெயர் என்று பிரித்து அறிந்து வெவ்வேறு நிறத்தில் காட்டும். நீங்கள் எழுதியதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் சாப்ட்வேரைக் கம்பைலர் என்பார்கள். க்யூபி64-ல் எடிட்டரும் கம்பைலரும் ஒரே புரொகிராமுக்குள் இருக்கின்றன. இது ஏன் முக்கியம் என்பதைச் சற்றுப் பிறகு சொல்கிறேன்.

பழைய கதை

பேசிக் மொழி 1964-ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் பிறந்தது. ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள், கணிதமோ அறிவியலோ படிக்காத மாணவர்களும் கம்ப்யூட்டரைப் பயன்படுத்த வேண்டும் என்று இதை உருவாக்கினார்கள். பிறகு வந்த சிறிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் பேசிக்தான் முதல் மொழியாக இருந்தது.

1991-ல் மைக்ரோசாப்ட் நிறுவனம் எம்எஸ்-டாஸ் 5 உடன் க்யூபேசிக் என்பதை இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தது. நீல நிறத் திரை, மேலே மெனு, எஃப்5 விசையைத் தட்டினால் புரொகிராம் ஓடும். ஒரு வரியைத் தட்டச்சு செய்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாலே, முந்தைய வரியைச் சோதித்துக் கட்டளைச் சொற்களைப் பெரிய எழுத்தாக மாற்றி இடைவெளிகளைச் சீராக்கிவிடும். பிழை இருந்தால் அங்கேயே சொல்லும். அந்தக் காலத்தில் டாஸில் "எடிட்" என்று கொடுத்துப் பைல்களைத் திருத்தியவர்களுக்கு ஒரு செய்தி: எம்எஸ்-டாஸ் 5-ல் அந்த எடிட்டராக வேலை செய்ததும் உள்ளே இருந்த க்யூபேசிக்தான்!

விண்டோஸ் 98 சிடி வரை க்யூபேசிக் கூடவே வந்தது. அதன் பிறகு வந்த வீட்டு உபயோக விண்டோஸ்களில் அது இல்லை. பழைய பைலைத் தேடிப் பிடித்து வைத்துக் கொண்டாலும் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. அது 16 பிட் டாஸ் புரொகிராம், 64 பிட் விண்டோஸ் அந்த வகையை ஏற்பதில்லை. டாஸ்பாக்ஸ் போன்ற சாப்ட்வேருக்குள் வைத்துத்தான் ஓட்ட முடியும். இப்படியாக, பள்ளிக் காலத்தில் பலர் எழுதி வைத்த விளையாட்டுகளும் கணக்குப் புரொகிராம்களும் புதிய கம்ப்யூட்டரில் வெறும் எழுத்துப் பைல்களாக நின்றுபோயின.

ரசிகர்கள் கையில்

இதற்குத் தீர்வாக 2007-ல் ஒரு பொழுதுபோக்குப் புரொகிராமர் தொடங்கியதுதான் க்யூபி64. பழைய க்யூபேசிக் புரொகிராமை மாற்றமில்லாமல் எடுத்துக் கொண்டு, இன்றைய விண்டோஸ், லினக்ஸ், மேக் கம்ப்யூட்டர்களில் ஓடும் பைலாக ஆக்கித் தருவது அதன் நோக்கம். நீங்கள் எழுதும் பேசிக்கை அது முதலில் சி++ மொழிக்கு மாற்றும். பிறகு அதைத் தனியாக ஓடக்கூடிய இஎக்ஸ்இ பைலாக ஆக்கும். பழைய க்யூபேசிக்கால் இஎக்ஸ்இ பைல் உருவாக்க முடியாது என்பது நினைவிருக்கலாம்.

எடிட்டரின் தோற்றத்தையும் மாற்றவில்லை. அதே நீலத் திரை, அதே எஃப்5. சப் எனப்படும் துணைப் பகுதிகளின் பட்டியலைக் காட்ட அதே எஃப்2. கட்டளையின் மேல் கர்சரை வைத்து எஃப்1 தட்டினால் அதன் விளக்கம் கீழே திறக்கும். பழகிய கைகளுக்கு எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. க்யூபி64-ன் எடிட்டரும் கம்பைலரும் க்யூபி64 பேசிக்கிலேயே எழுதப்பட்டவை. சோர்ஸ் என்ற போல்டரில் அந்தப் புரொகிராம் முழுவதும் இருக்கிறது. அதை அந்த எடிட்டரிலேயே திறக்கலாம், ஒரு மாற்றம் செய்யலாம், கம்பைல் செய்யலாம். மாற்றம் சேர்ந்த புதிய எடிட்டர் தயார்! அதாவது பேசிக் மட்டுமே தெரிந்த ஒருவர், தான் பயன்படுத்தும் எடிட்டரைத் தானே பழுது பார்க்க முடியும். வேறு மொழி படிக்க வேண்டியதில்லை.

"ஓகே" என்ற ஒரு சொல்

க்யூபி64-ஐத் திறந்து ஏதாவது எழுதினால், கீழ்ப்பகுதியில் மூன்று புள்ளிகள் தோன்றும். சற்று நேரத்தில் "ஓகே" என்று வரும். பிழை இருந்தால் என்ன பிழை, எந்த வரி என்று காட்டும். எந்த விசையையும் தட்ட வேண்டாம்.

கீழே உள்ள மூன்று வரிகளை முயன்று பாருங்கள். இங்கே தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும்.

ஃபார் ஐ = 1 டு 10
பிரிண்ட் ஐ * 7
நெக்ஸ்ட் ஐ

முதல் வரியை மட்டும் எழுதி நிறுத்துங்கள். ஃபார் இருக்கிறது, நெக்ஸ்ட் இல்லை என்று கீழே செய்தி வரும். மூன்றாவது வரியையும் எழுதி முடித்தால் செய்தி மறைந்து "ஓகே" வரும். நடுவில் உள்ள வரி தானாகச் சற்று உள்ளே தள்ளி நிற்கும். எஃப்5 தட்டினால் ஏழாம் வாய்ப்பாட்டின் விடைகள் திரையில் வரும்.

இது எப்படி நடக்கிறது? எடிட்டரும் கம்பைலரும் ஒரே புரொகிராம் என்று சொன்னேன் அல்லவா? கம்பைலர் எடிட்டரிடமிருந்து ஒரு வரியை வாங்கிச் சோதிக்கிறது. சோதித்ததும் எடிட்டரிடம் திரும்புகிறது. அந்த இடைவெளியில், நீங்கள் ஏதாவது விசையைத் தட்டினீர்களா என்று எடிட்டர் பார்க்கிறது. தட்டவில்லை என்றால் அடுத்த வரியைக் கொடுக்கிறது. புரொகிராமில் மாற்றம் செய்திருந்தால் சோதனை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் விசைப் பலகையைக் கவனிப்பதால், நீண்ட புரொகிராமிலும் உங்கள் தட்டச்சு தடைபடாது.

"ஓகே" சொல்லாதது

புதியவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. "ஓகே" என்றால் இலக்கணம் சரி என்றுதான் அர்த்தம். விடை சரியாக வரும் என்று அர்த்தமில்லை. பேசிக்கில் ஒரு பெயரை முன்கூட்டி அறிவிக்காமலே பயன்படுத்தலாம். "டோட்டல்" என்ற பெயரில் கூட்டுத்தொகையைச் சேர்த்துக் கொண்டே வந்து, கடைசியில் ஓர் எழுத்து விட்டுப்போய் "டோடல்" என்று அச்சிடச் சொன்னால் என்ன ஆகும்? பேசிக் அதைப் புதிய பெயர் என்று எடுத்துக் கொண்டு 0 என்று காட்டும். எடிட்டரும் "ஓகே" என்றே சொல்லும். இந்த ஒரு பிழையைத் தேடி மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் உண்டு.

இதற்கும் வழி செய்தார்கள். புரொகிராமின் முதல் வரியாக ஆப்ஷன் _எக்ஸ்பிளிசிட் என்று எழுதிவிட்டால், டிம் கட்டளையால் அறிவிக்காத எந்தப் பெயரையும் எடிட்டர் ஏற்காது. "டோடல்" என்று அடித்த அந்த நிமிடமே கீழே பிழைச் செய்தி வந்துவிடும். உங்கள் எல்லாப் புரொகிராமிலும் இந்த வரியை முதலில் எழுதும் பழக்கத்தை வைத்துக் கொள்ளுங்கள்.

அந்தக் கட்டளையில் உள்ள அடிக்கோட்டைக் கவனித்தீர்களா? க்யூபி64-ல் புதிதாகச் சேர்த்த கட்டளைகள் பெரும்பாலும் அடிக்கோட்டில் தொடங்கும். பழைய க்யூபேசிக்கில் எந்தப் பெயரும் அடிக்கோட்டில் தொடங்க முடியாது. எனவே எத்தனை புதிய கட்டளைகள் சேர்த்தாலும், பழைய புரொகிராமில் உள்ள பெயர்களோடு மோதாது.

ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை

அன்றாடம் பயன்படுத்துபவர்கள் திருத்துவதால், சேர்த்த வசதிகள் எல்லாம் அன்றாடத் தேவைகளாகவே இருக்கின்றன. எனக்கு உபயோகமானவற்றைச் சொல்கிறேன்.

1. நிறங்கள். ஆப்ஷன்ஸ் மெனுவில் ஐடிஇ கலர்ஸ் பகுதிக்குப் போனால் பல நிறத் தொகுப்புகள் உண்டு. நீலம் பிடிக்காதவர்கள் வெள்ளைப் பின்னணி வைத்துக் கொள்ளலாம்.

2. அடைப்புக்குறி. கர்சர் நிற்கும் அடைப்புக்குறிக்கு எது ஜோடி என்று காட்டும். நீண்ட கணக்குகளில் மிகவும் உதவும்.

3. ஒரே சொல் எங்கெங்கே? ஒரு சொல்லைத் தேர்வு செய்தால், திரையில் அதே சொல் வரும் இடமெல்லாம் வேறு நிறத்தில் தெரியும்.

4. மின்சாரம் போனால். நீங்கள் எழுதுவதை எடிட்டர் தானாகவே சேமித்துக் கொண்டிருக்கும். சரியாக மூடாமல் நின்றுபோனால், அடுத்த முறை திறக்கும்போது பழையதை மீட்கலாமா என்று கேட்கும். யுபிஎஸ் இல்லாத வீடுகளில் இதன் அருமை தெரியும்.

5. வரி வரியாக ஓட்டுவது. 2021-ல் வந்த 2.0 பதிப்பில் டீபக் வசதி சேர்ந்தது. முதல் வரியாக டாலர் குறியுடன் டீபக் என்று எழுதி, சந்தேகம் உள்ள வரியில் எஃப்9 தட்டினால் புரொகிராம் அங்கே வந்து நிற்கும். பிறகு எஃப்8 தட்டித் தட்டி ஒவ்வொரு வரியாக நகரலாம். ஒவ்வொரு பெயரிலும் என்ன மதிப்பு இருக்கிறது என்று பார்க்கலாம். எடிட்டரும் ஓடும் புரொகிராமும் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே நெட்வொர்க் முறையில் பேசிக் கொள்வதால், விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்கக் கூடும். பயப்பட வேண்டாம்.

இன்னொரு வழி

எல்லாப் பேசிக் மொழிகளும் இப்படி வளரவில்லை. 2004-ல் வெளிவந்த ஃப்ரீபேசிக் மொழியில் கம்பைலர் தனி, எடிட்டர் தனி. ரசிகர்களே எஃப்பிஐடிஇ, வின்எஃப்பிஇ என்று பல எடிட்டர்களை எழுதினார்கள். இவற்றில் வின்எஃப்பிஇ ஃப்ரீபேசிக்கிலேயே எழுதப்பட்டது. பிடித்ததைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் அனுபவசாலிகளுக்கு நல்லது. ஆனால் முதல் நாளே எதை எதோடு இணைப்பது என்று குழம்பும் புதியவருக்கு, எல்லாம் ஒன்றாக வரும் க்யூபி64 போன்றதே வசதி என்பது என் கருத்து.

2022-ல் வந்த சோதனை

க்யூபி64-ஐ நடத்தி வந்த குழு 2022-ல் கலைந்தது. அதன் இணையதளமும் கிடைக்காமல் போனது. இதுவே ஒரு நிறுவனத்தின் சாப்ட்வேராக இருந்திருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும், க்யூபேசிக்குக்கு நேர்ந்ததைப் போல. ஆனால் புரொகிராமின் மூலம் எல்லோர் கையிலும் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள், அவர்களுக்குத் தெரிந்த அதே பேசிக்கில்தான் அது எழுதப்பட்டிருந்தது. பயனர்கள் சிலர் சேர்ந்து அதே ஆண்டு க்யூபி64 ஃபீனிக்ஸ் எடிஷன் என்ற பெயரில் பணியைத் தொடர்ந்தார்கள். ஒரு சாப்ட்வேரைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை மட்டும் பார்க்காமல், செய்தவர் விட்டுவிட்டால் யார் தொடர்வார் என்றும் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

குறைகளும் உண்டு

எடிட்டருக்குள் தமிழில் எழுத முடியாது. டாஸ் காலத்து 256 எழுத்துகள் கொண்ட அட்டவணையைத்தான் அது பயன்படுத்துகிறது. புதிய எடிட்டர்களைப் போல, பாதிச் சொல்லை அடித்ததும் மீதியைத் தானே நிரப்பித் தராது. எஃப்5 தட்டியதும் சி++ வழியாகப் போவதால் சில விநாடிகள் காத்திருக்க வேண்டும். நீங்கள் உருவாக்கிய இஎக்ஸ்இ பைலை ஆன்டிவைரஸ் சாப்ட்வேர் சந்தேகப்பட்டுத் தடுக்கவும் கூடும். அப்போது அந்தப் போல்டரை மட்டும் விலக்குப் பட்டியலில் சேருங்கள். ஆன்டிவைரஸை நிறுத்திவிடாதீர்கள்.

எப்படித் தொடங்குவது?

க்யூபி64 ஃபீனிக்ஸ் எடிஷன் என்று தேடினால் கிட்ஹப் தளத்தில் அதன் பக்கம் கிடைக்கும். கட்டணம் இல்லை. விண்டோஸுக்கான பைல் 7இசட் வகையில் சுருக்கப்பட்டிருக்கும். 7-ஜிப் கொண்டு விரித்துக் கொள்ளலாம். இன்ஸ்டால் செய்யும் வேலை இல்லை. புரொகிராம் பைல்ஸ் போல்டருக்குள் வைக்காமல், உங்கள் பெயரில் உள்ள போல்டரில் வையுங்கள். இல்லையென்றால் பைல்களை எழுத விண்டோஸ் அனுமதி மறுக்கும்.

முதல் வாரம் வாய்ப்பாடு, வட்டிக் கணக்கு, வீட்டு வரவு செலவு என்று பத்து வரிகளுக்குள் எழுதிப் பழகுங்கள். சில மாதங்கள் கழித்து சோர்ஸ் போல்டரில் உள்ள எடிட்டரின் புரொகிராமைத் திறந்து பாருங்கள். பல ஆயிரம் வரிகள் இருக்கும். ஆனால் அங்கேயும் நீங்கள் பழகிய அதே ஃபார், அதே இஃப், அதே நெக்ஸ்ட்தான். போல்டரை ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, மெனுவில் உள்ள ஒரு சொல்லை மட்டும் மாற்றிக் கம்பைல் செய்து பாருங்கள். இந்த எடிட்டரைத் திருத்தியவர்களும் இப்படிச் சின்ன மாற்றங்களில் தொடங்கியவர்கள்தான்.